இரவல் எண்

நெஞ்சில் நாலு ஊக்கு.
காகிதத்தில் ஐந்து இலக்கம், அதன் கீழே
கொட்டை எழுத்தில் நெவில்.
நெவில் நான் இல்லை.
அவர் மாகிமில் இருக்கிறார், முட்டியில் பட்டை சுற்றி.
இது அவருக்குப் பத்தாவது வருடம், விட்டுப்போகக் கூடாதாம்.
பத்து முடித்தால் தனிப் பதக்கம்.

எனக்குப் பதிவு கிடைக்கவில்லை.
பார்சல் ஆபீசில் இரவு டூட்டி முடித்து
போனைத் திறந்தபோது
இடம் தீர்ந்தது என்றது திரை.
தீராதிருந்தாலும் அந்தப் பணத்தில்
மகளின் டியூஷன் ரெண்டு மாதம் ஓடும்.

நிபந்தனை ஒன்றுதான்:
ஐந்து மணி பத்து நிமிடம்.
"அதுக்கு முந்தி வந்துடாதே இசக்கி,
ஆபீஸ்ல ஒருத்தனும் நம்பமாட்டான்."
எண்ணின் முதுகில் சிப்.
நாற்பது பேர் படுக்கையில் கிடந்தபடி
ஒரு நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
என் கால் நாலேகால் மணிக்குப் பழகியது.
மெதுவாக ஓடுவதற்கு
எந்தக் கோச்சும் அட்டவணை போட்டுத் தருவதில்லை.

முதல் தடவை ஓடியபோது
படிவத்தைப் பேனாவால் நிரப்பினேன்.
கான்வாஸ் ஷூ. வொர்லியில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.
பெஸ்ட் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி
"என்னய்யா, லோக்கல் கேன்சலா?" என்றார்.
இப்போது தண்ணீர் தீர்வதில்லை.
கழிப்பறைகள் நீல வரிசையாக நிற்கின்றன.
ஜெல், டோலக்,
ஒரே நிறப் பனியனில் முழு வங்கியும்.
சயான் கோலிவாடாவில் எங்கள் சந்திலிருந்து
ஆறு பெண்கள் இந்த வருடம் பத்து கிலோமீட்டர்.
குறை சொல்ல வாயெடுத்தால்
அந்த ஆறு முகமும் வருகிறது.
வாயை மூடிக்கொண்டு ஓடுகிறேன்.

மற்ற நாளில் நடக்க விடாத கடல் பாலம்.
விடியும்போது அதன் கம்பிகளுக்குள்
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
பாந்திரா வந்ததும் ஆரம்பித்தது:
கமான் நெவில். ஷாபாஷ் நெவில்.
முதலில் வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன்.
பத்தாவது குரலுக்குக் கை தூக்கினேன்.

மாகிம் மாதா கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால்
தடுப்புக் கட்டையில் சாய்ந்து அவர்.
கக்கத்தில் ஊன்றுகோல், மடித்த செய்தித்தாள்.
எல்லாரும் கத்துகிறார்கள்,
அவரும் கத்தினார்
தன் பெயரைத் தானே, தொண்டை கிழிய.
கண் மட்டும் என் காலில் இருந்தது.
நான் நிற்கவில்லை.
நின்றால் புள்ளி நின்றுவிடும்.

பெடர் ரோடு ஏற்றத்தில் ஒரு பையன்
உப்புத் தொட்ட ஆரஞ்சுச் சுளை கொடுத்தான்.
மரைன் டிரைவில் நாற்பதாவது பலகை.
வாட்சைப் பார்த்தால் நாலு நாற்பது.
கால் மணி நேரம் கையில் மிச்சம்,
எங்கே கொட்டுவது?
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன்.
ஸ்பிரேயோடு ஒரு பெண் ஓடி வந்தாள்.
"நெவில் சார், என்ன ஆச்சு?"
"முட்டி" என்றேன்.
ஒன்றும் ஆகாத என் முட்டியில்
சில்லென்று அடித்தாள், ரெண்டிலும்.
என்னைவிட மெதுவானவர்கள், வாந்தி எடுத்தவர்கள்,
கெந்திக் கெந்திப் போனவர்கள்
ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள்.
கடல் கறுப்பாகத்தான் இருந்தது, அன்றும்.

ஐந்து ஒன்பது ஐம்பத்திரண்டு.
பதக்கத்தைப் பேப்பரில் சுற்றி
ஹார்பர் லைனில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
டீ கொடுத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

திங்கட்கிழமை போன்:
எண்ணை வைத்துத் தேடினால் பதினோரு படம்,
பத்தில் என் மூஞ்சி.
ஒன்றில் மட்டும் வேர்வை துடைக்கும் கை
முகத்தை மறைத்திருக்கிறது.
அதைப் போட்டிருக்கிறார்.
'நல்லா இளைச்சுட்டீங்க நெவில்' என்று யாரோ.
மீதிப் பத்தை எனக்கு அனுப்பியிருந்தார்.
மகள் ஒன்றை விரலால் பெரிதாக்கினாள்,
"ஏம்ப்பா, எல்லாரும் ஓடுறாங்க,
நீ மட்டும் உட்கார்ந்திருக்கே?"